பழைய வினாத்தாளும் புதிய பரீட்சையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலே, செம்மண் தோட்டங்களின் நடுவே அமைந்த ஊர் அச்சுவேலி. வெங்காயமும் புகையிலையும் விளையும் அவ்வூரில், விதை வெங்காயத்துக்குச் சற்றும் குறையாத கவனத்தோடு பேணப்படும் பொருள் ஒன்று உண்டு. அது பழைய கணித வினாத்தாட் கட்டு. மூத்த பிள்ளை எழுதிப் பழகிய கட்டு இளைய பிள்ளைக்கு வரும். அங்கிருந்து அயல் வீட்டுக்குப் போகும். ஓரம் மடிந்து, நூல் அறுந்து, மீண்டும் தைக்கப்பட்டு இன்னொரு வீட்டுக்குப் போகும். எந்த வினாத்தாளை முதலிற் செய்வது, எதனைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைப்பது, எதனைத் தொடாமலே விடுவது என்று ஆசிரியரும் மாணவரும் தமக்குள் ஆராய்வர். புறத்தார்க்கு இது சிறு பிள்ளைகளின் விவகாரமாகத் தோன்றலாம். இந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு நிற்கின்றது.

அச்சிட்ட வினாத்தாள் வருமுன்னர் பரீட்சை இல்லாமற் போகவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனனம் செய்த பிள்ளையைச் சட்டம்பியார் எழுப்பி நிறுத்திக் கேட்பார். பிள்ளை வாய்விட்டுச் சொல்லும். அங்கே பயிற்சி வேறு, பரீட்சை வேறு என்ற பிரிவே கிடையாது. கேட்பவர் எவரோ அவரே கற்பித்தவர். ஆகையால் அவர் என்ன கேட்பார் என்று ஊகிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. பயிற்சி வினாவைத் தெரிந்தெடுத்தல் என்ற பிரச்சினை பிறப்பதற்குக் கற்பிப்பவரும் பரீட்சிப்பவரும் இருவேறு ஆட்களாதல் வேண்டும்.

அம்மாற்றத்தின் தொடக்கத்தை 1823இல் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசன் நிறுவிய செமினரியிற் காணலாம். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். யூக்கிளிட்டின் கேத்திரகணிதம், அட்சரகணிதம், திரிகோணகணிதம், மடக்கை, நில அளவை, வானியல் ஆகியன அங்கே போதிக்கப்பட்டன. மாணவரை அழைப்பு விருந்தினர் முன்னிலையில் நிறுத்திப் பகிரங்கமாகப் பரீட்சிக்கும் வழக்கமும் இருந்தது. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக விளங்கிய எமர்சன் தெனன்ற் அக்கல்விக் கூடத்தைப் பார்வையிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு அதனை ஒப்பிட்டுப் புகழ்ந்து 1850இல் எழுதினார். வானமும் ஒருமுறை பரீட்சகராக வந்து வாய்த்தது. 1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் தேதியின் சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கம் ஒரு நேரத்தையும் செமினரியார் வேறொரு நேரத்தையும் கணித்திருந்தனர். அன்றிரவு கிரகணம் செமினரியார் கணக்கின்படியே நிகழ்ந்தது எனப் பூவர் எழுதிவைத்தார். கணக்கின் பிழையை ஊர் முழுவதும் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய பரீட்சை அது ஒன்றே எனலாம்.

அச்செமினரி இருவரை உருவாக்கியது. ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, சுதுமலையைச் சேர்ந்தவர், அங்கேயே கற்று அங்கேயே கணிதம் கற்பித்தவர். 1855இல் அவருடைய வீசகணிதம் தமிழில் அச்சேறியது. மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இவர் 1832இல் பிறந்த சிறுப்பிட்டி, அச்சுவேலிக்குத் தெற்கே, நடந்து போகக்கூடிய தொலைவில் உள்ளது. பிற்காலத்தில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர் என்றே தமிழுலகம் அவரை நினைவுகூர்கின்றது. அவர் கணிதப் பயிற்சி உடையவர் என்பதும், சென்னையிலே அரசாங்கக் கணக்குப் பகுதியிற் பணியாற்றியவர் என்பதும் பலர் நினையாத செய்திகள்.

1855இல் செமினரி மூடப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையுமே. முப்பத்தைந்து வயதைக் கடந்த ஆசிரியரும், அவரினும் பன்னிரண்டு வயது இளையவரும் ஒரே பரீட்சைக்கு அமர்ந்தனர். இந்நிகழ்ச்சியைப் பெருமையோடு எடுத்துரைப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அப்பரீட்சைக்கு முன் அத்தகைய பரீட்சை அங்கே நடந்ததில்லை. ஆகவே அவர்கள் கையிற் பழைய வினாத்தாள் என்ற ஒன்று இருக்க இடமில்லை. சென்ற ஆண்டு என்ன கேட்டனர், எத்தனை வினா, எதற்கு எத்தனை புள்ளி என்று விசாரிப்பதற்குச் சென்ற ஆண்டே கிடையாது. பரீட்சகர் எவ்வழியில் வந்தாலும் எதிர்கொள்ளுமாறு பாடத்தைக் கற்றிருத்தலே அவர்களுடைய ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும். அந்நியர் முன்னிலையில் ஆண்டுதோறும் விடைகூறிப் பெற்ற பழக்கமும் துணை செய்திருக்கும். இவ்விருவரையும் எடுத்துக்காட்டி, வினாத்தாட் பயிற்சியே வேண்டாம் என்று வாதிடுதல் எளிது. ஆனால் அது சரியன்று. இரண்டாம் ஆண்டிலே பரீட்சை எழுதியவர்களுக்கு முதலாம் ஆண்டு வினாத்தாள் இருந்தது. இருந்ததை எவரும் பாராமல் விட்டிருக்க மாட்டார்கள்.

இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியது. அதனை அடுத்துப் பேறுக்கேற்ற கொடுப்பனவு என்ற முறை புகுந்தது. பரிசோதகர் பாடசாலைக்கு வந்து வாசிப்பு, எழுத்து, எண் மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைகளின் கணக்குப்படி பாடசாலைக்கு உதவிப் பணம் கிடைக்கும். இங்கிலாந்திலே 1862இல் தொடங்கிய இம்முறை, பிள்ளையின் கணக்கை ஆசிரியரின் வருவாயோடு கட்டிப்போட்டது. பரிசோதகர் வழக்கமாகக் கேட்கும் கணக்குகளையே திரும்பத் திரும்பச் செய்வித்தல் எங்கும் வழக்கமாயிற்று. பயிற்சி வினா என்பது கற்றலுக்குத் துணை என்ற நிலை மாறி, கற்றலுக்குப் பதிலாகவே நிற்கத் தொடங்கியது. இன்று மாதிரி வினாத்தாளைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளிற் பெரும்பாலானவை அன்றே பிறந்துவிட்டன.

1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. இங்கிலாந்தில் அவை 1858இல் தொடங்கியிருந்தன. இலண்டன் மற்றிக்குலேசன் பரீட்சையும் தொடர்ந்து வந்தது. இப்பொழுது பரீட்சகர் கடலுக்கு அப்பால் இருந்தார். வினாத்தாள் கப்பலில் வரும். விடைத்தாள் கப்பலிற் போகும். பெறுபேற்றுக்கு மாதக் கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். இலங்கையில் 1872 முதல் ரூபாயும் சதமும் வழங்கின. சந்தையில் ரூபாயிலும் சதத்திலும் எண்ணிப் பழகிய யாழ்ப்பாணச் சிறுவன், பரீட்சை மண்டபத்திலே பவுணும் சிலினும் பென்சும் கூட்டிக் கழிக்க வேண்டியவனானான். பன்னிரண்டு பென்சு ஒரு சிலின், இருபது சிலின் ஒரு பவுண்.  அவன் வாழ்க்கையிலே காணாத கணக்கை வினாத்தாளிலே மட்டும் காண முடிந்தது. அச்சாகிப் புத்தகமாக வந்த பழைய வினாத்தாள்களுக்கு இங்கே பெருமதிப்பு உண்டாயிற்று என்பதில் வியப்பில்லை.

அந்தக் கேம்பிரிட்ஜிலேயே நிலைமை எவ்வாறிருந்தது என்பதையும் நோக்குதல் தகும். அங்கே கணித ரைப்போஸ் பரீட்சையில் முதலிடம் பெறுவோரைப் பயிற்றுவதற்கென்றே தனியாசிரியர்கள் இருந்தனர். எட்வேட் இரௌத் என்பவர் தம் மாணவருள் இருபதுக்கு மேற்பட்டோரை முதலிடத்துக்கு ஏற்றியவர். தனியார் வகுப்பு யாழ்ப்பாணத்தார் கண்டுபிடித்த நோய் என்று பேசுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று. தனியாசிரியராயிருந்த மற்றொருவர் ஜி. எஸ். கார். அவர் மாணவரின் பரீட்சைத் தேவைக்காகத் தேற்றங்களை ஆயிரக்கணக்கில் நிரைப்படுத்தி ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டார். நிறுவல்கள் மிகச் சுருக்கம். பலவற்றுக்கு இல்லவே இல்லை. அந்நூலின் பிரதியொன்று 1903இல் கும்பகோணத்திலே ஸ்ரீநிவாச ராமாநுஜன் கைக்கு வந்தது. இல்லாத நிறுவல்களைத் தாமே ஆக்கிக்கொள்ள முற்பட்ட அவ்விளைஞர், கணிதத்தில் உலகம் வியக்கும் நிலையை எய்தினார். ஆயினும், ஏனைய பாடங்களிற் புள்ளி குறைந்தமையால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப். ஏ. பரீட்சையில் 1906இலும் 1907இலும் தவறினார். யாழ்ப்பாணத்தார் இருவர் பழைய வினாத்தாள் ஒன்றுமின்றித் தேறிய அதே பல்கலைக்கழகம் அது. பரீட்சைக்கென எழுந்த ஒரு நூல் பரீட்சையில் அவரைக் காக்கவில்லை. பரீட்சை அளக்க முடியாத ஒன்றை அவரிடத்தில் எழுப்பிவிட்டது. இதனை முன்மாதிரியாகக் கொள்ளுமாறு எந்தத் தாயும் தன் மகனுக்குச் சொல்லமாட்டாள்.

அச்சுவேலிக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அவ்வூரில் ஞானப்பிரகாச யந்திரசாலை என்ற அச்சகம் இயங்கியது. சுவாமி ஞானப்பிரகாசரின் ‘யாழ்ப்பாண வைபவ விமரிசனம்’ 1928இல் அங்கேதான் அச்சாயிற்று. ஊர்ப் பெயரில் ‘அச்சு’ இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தற்செயல் சில வேளைகளில் அழகாக அமைகின்றது. நகரத்துக்குப் போகாமலே தமிழில் நூல் அச்சிடும் தொழில் கிராமத்தில் வேரூன்றியிருந்தமையை மட்டும் நினைவில் வைத்தல் போதும். அச்சும், பின்னர் வந்த றோணியோப் பொறியும் இல்லையேல் இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம் எழுந்திராது.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி போதனாமொழியாகப் படிப்படியாக மேல் வகுப்புகளை எட்டியது. 1950களில் கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்ற பெயரோடு நாட்டிலேயே வினாத்தாள் தயாராகும் காலம் பிறந்தது. அதுவரை சேர்ந்திருந்த ஆங்கில வினாத்தாட் செல்வம் ஒரு தலைமுறைக்குள் கைக்குதவாப் பழம்பொருளாகியது. ஹோலும் நைற்றும் எழுதிய அட்சரகணிதம், லோனியின் திரிகோணகணிதம் ஆகியவற்றை ஆசிரியர் தாம் வாசித்துத் தமிழிற் சொல்ல வேண்டியவரானார். தமிழகத்துப் புத்தகங்களை வருவித்தால் ஆகாதோ என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல் இருந்தது. இலங்கையார் ‘காவி’ என்பதை அங்குள்ளோர் ‘திசையன்’ என்பர்; இங்கே ‘தாயம்’, அங்கே ‘அணி’; இங்கே ‘அட்சரகணிதம்’, அங்கே ‘இயற்கணிதம்’; இங்கே ‘கேத்திரகணிதம்’, அங்கே ‘வடிவியல்’. மொழி ஒன்றாயினும் கலைச்சொல் இரண்டு. மூன்று மணி நேரத்திலே விடை எழுத வேண்டிய மாணவனுக்கு, வினாவின் சொல்லைப் புரிந்துகொள்ளச் செலவாகும் இரண்டு நிமிடமும் இழப்பே. ஆகவே தமிழ் மொழிமூலத்தில், இலங்கைக் கலைச்சொற்களில், இலங்கைப் பாடத்திட்டத்துக்கு அமைந்த பயிற்சி வினாத்தாளை இலங்கைத் தமிழாசிரியரே ஆக்கவேண்டியதாயிற்று.

இப்பயிற்சிக்கு உயிர்ப்பிரச்சினையின் தன்மை வந்தது 1970களில் ஆகும். பல்கலைக்கழக அனுமதிக்குரிய புள்ளிகளை மொழிவாரியாகத் தரப்படுத்தும் முறை புகுத்தப்பட்டது. 1970-71 கல்வியாண்டிலே பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400இல் 227 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு, அவர்களிலே தமிழருக்கும் முசுலிம்களுக்குங்கூட, அது வாய்ப்பளித்தது என்பதை மறுத்தல் நியாயமன்று. ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்து மாணவனுக்கு வாயில் மேலும் ஒடுங்கியது. நாட்டின் அரசியலில் இத்தரப்படுத்தல் விளைத்த கசப்பு தனி வரலாறு. வீட்டினுள்ளே அதன் விளைவு வேறு வகையானது. நீரும் நிலமும் அருகிய குடாநாட்டிலே, தோட்டத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டாற் பாத்தியளவுதான் மிஞ்சும் என்றறிந்த பெற்றோர் கல்வியையே முதுசொம்மாகக் கருதினர். அந்த முதுசொம் இப்பொழுது ஒற்றைப் புள்ளியிலே தொங்கியது. டியூட்டரிகள் பெருகின, பழைய வினாத்தாளோடு எதிர்பார்க்கை வினாத்தாள், மாதிரி வினாத்தாள் என்பனவும் பெருகின.

பெருக்கம் வந்ததும் தெரிவு வந்தது. எல்லாவற்றையும் செய்து முடிக்க ஒருவனாலும் இயலாது. தூய கணிதமும் பிரயோக கணிதமும் தனித்தனிப் பாடங்களாயிருந்த காலத்து வினாத்தாள்கள் இன்று பலரிடம் கட்டுக் கட்டாக உள்ளன. 2000ஆம் ஆண்டு முதல் உயர்தரப் பாடங்கள் நான்கு மூன்றாகக் குறைக்கப்பட்டு, அவ்விரண்டும் இணைந்த கணிதம் என ஒன்றாயின. இன்று அதற்கு இரு வினாத்தாள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். பகுதி அ-வில் பத்துச் சிறு வினாக்களுக்கும் விடையளித்தல் வேண்டும். வினா ஒன்றுக்கு 25 புள்ளி. பகுதி ஆ-வில் ஏழு வினாக்களில் ஐந்தைத் தெரிதல் வேண்டும். வினா ஒன்றுக்கு 150 புள்ளி. ஆக, ஒரு வினாத்தாளின் ஆயிரம் புள்ளியில் 750 அந்த ஐந்து நெடுவினாக்களுக்கே உரியது. எந்த ஐந்து என்று தீர்மானிக்கும் திறனும் இப்பரீட்சையின் ஒரு பகுதியே. அதனை 1999க்கு முந்திய வினாத்தாள் பழக்காது. அதிலுள்ள கணக்கு அருமையானதாயிருக்கலாம். கணக்காக எடுத்துச் செய்வதற்கு அது ஏற்றது. கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதுவதற்கு ஏற்றதன்று. சாதாரண தரக் கணிதத்தில் அமைப்பு இன்னும் வேறு. முதலாம் வினாத்தாளிற் குறுவினாக்கள் இருபத்தைந்து, அவற்றோடு நெடுவினா ஐந்து. இரண்டாம் வினாத்தாளிற் பன்னிரண்டிற் பத்து. இவ்வமைப்பைப் பின்பற்றாத மாதிரி வினாத்தாள், அட்டையில் எவர் பெயர் இருப்பினும், நேர ஒத்திகைக்கு உதவாது.

பழைய வினாத்தாளோடு அதன் புள்ளித்திட்டமும் சேர்ந்திருத்தல் வேண்டும். கணிதத்திலே இறுதி விடைக்கு மட்டுமன்றிப் படிமுறைக்கும் புள்ளி உண்டு. எந்தப் படியில் எத்தனை என்பதைத் திட்டமே காட்டும். விடை பிழைத்தும் பெரும்பகுதிப் புள்ளி பெற்றவனும், விடை சரியாயினும் காரணம் எழுதாமையாற் புள்ளி இழந்தவனும் அங்கே தம்மைக் கண்டுகொள்வர். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகள் இன்னும் ஒரு படி மேலானவை. நாடு முழுவதிலும் எவ்வினாவை எத்தனை பேர் தெரிந்தனர், எங்கே தடுமாறினர் என்பது வினாவாரியாக அவற்றில் உண்டு. மலிவாகக் கிடைக்கும் இவ்வறிக்கையை விட்டு, ‘வரப்போகும் வினா’ என விளம்பரம் செய்யும் தாளுக்குப் பின்னால் ஓடுவோர் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை.

அச்சுவேலியிலிருந்து வடகிழக்கே, கடனீரேரியின் வாயிலில் உள்ள ஊர் தொண்டைமானாறு. அங்குள்ள வெளிக்கள நிலையத்தின் பெயர் இயற்கையைக் களத்திலே சென்று கற்கும் நோக்கத்தைச் சொல்வது. ஆனால் தமிழ் மொழிமூல உயர்தர மாணவரிடையே அப்பெயர் இன்று பெரும்பாலும் வினாத்தாளையே குறிக்கின்றது. ஆசிரியர்கள் கூடித் தயாரிக்கும் தவணைப் பரீட்சை வினாத்தாள்களை அந்நிலையம் பல பாடசாலைகளுக்கு ஒருங்கே வழங்கி வந்துள்ளது. குடாநாட்டுக்கு வெளியேயும் அவை பயன்பட்டுள்ளன. இதன் பெறுமதி வினாக்களின் தரத்தில் மட்டும் அடங்கியதன்று. ஒரே வினாத்தாளைப் பல பாடசாலை மாணவர் எழுதுவதால், ஒரு மாணவன் தன் வகுப்புக்கு வெளியே தன் இடம் எது என்று அறிகின்றான்.

இவ்வறிவு ஏன் வேண்டும்? 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின்படி நடைபெறுகின்றது. மாணவன் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் அப்பால் நிற்கின்றது என்பதே இசட் புள்ளி. வினாத்தாள் கடினமான ஆண்டில் 60 புள்ளி பெற்றவன், எளிதான ஆண்டில் 75 பெற்றவனை விட மேலே நிற்கக்கூடும். ஆகவே வீட்டில் ஒரு மாதிரி வினாத்தாளைச் செய்து 80 பெற்றதாக மகிழ்வதோ, 40 பெற்றதாக மனமுடைவதோ பொருளற்றது. அதே தாளில் மற்றவர் எத்தனை பெற்றனர் என்பதே கேள்வி. இவ்வுண்மையை 2011 பரீட்சை நாடறியச் செய்தது. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் வேறுவேறு வினாத்தாள் எழுதினர். இரு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தமை வழக்காகியது. தனித்தனியே கணிக்குமாறு உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. ஒப்பிடத்தகாத இரண்டு வினாத்தாள்களை ஒப்பிடல் ஆகாது என்ற பாடத்தை ஓர் அரசாங்கமே நீதிமன்றத்திலே படிக்க நேர்ந்தது. அச்சுவேலி மாணவன், 1995ஆம் ஆண்டு வினாத்தாளிற் பெற்ற புள்ளியையும் சென்ற மாத மாதிரி வினாத்தாளிற் பெற்ற புள்ளியையும் அருகருகே எழுதி, தான் முன்னேறியதாகவோ பின்தங்கியதாகவோ கருதுவதும் அதே தவறுதான்.

இடையிலே போர் வந்தது. 1990 ஜூனில் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது; பொருள்களுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் அரிதானது, தாளும் அரிதானது. குப்பி விளக்கின் முன்னிருந்து வினாக்களைக் கையாற் பிரதி செய்து கற்ற தலைமுறை அது. 1995 அக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பரீட்சைக்குரிய பிள்ளைகளும் அக்கூட்டத்தில் நடந்தனர். அந்த ஆண்டுகளின் வினாத்தாள்கள் மற்ற ஆண்டுகளினவற்றைப் போலவே இன்று தொகுப்புகளில் உள்ளன. எத்தகைய நாளில் அவற்றுக்கு விடை எழுதப்பட்டது என்பதை அவற்றின் முகப்பு சொல்லாது.

சமாதான காலத்திலும் தாள் தீர்ந்துபோகக் கூடும் என்பதை 2022 காட்டியது. பொருளாதார நெருக்கடியால் அச்சுத்தாளும் மையும் கிடையாமல், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்னர்தான், நோய்த்தொற்றினாற் பிற்போடப்பட்ட 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை, 2022 பெப்ரவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்திருந்தது. அந்த இணைந்த கணித வினாத்தாள் 2021 (2022) என இரண்டு ஆண்டுகளைத் தாங்கியபடி தொகுப்புகளில் இருக்கின்றது. கட்டை ஆண்டு வரிசையில் அடுக்க முனையும் பிள்ளை அவ்விடத்தில் ஒரு கணம் தயங்கும். பிறகு அதனை 2020க்குக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கும்.